பிரிவுக் காட்சிக்கு மனக்குரல் வேணுமா?

மைக்கூடு:
கிராஃபிக் நாவல் வரைவு. கருப்பு வெள்ளை, ஏ5, 128 பக்கம். கல்லூரி முடிச்ச கயல், செந்தில். அவளுக்குச் சென்னையில வேலை, அவனுக்கு மதுரை கீழவாசல்ல அப்பா கடை. ஜூன் மாசம் வைகை ஆத்து மேல இருக்கிற யானைக்கல் பாலத்துல பிரியுறாங்க. 75ஆம் பக்கம், 6 கட்டம், எல்லாத்துலயும் கயலோட மனக்குரல் பெட்டி. இதைப் பேச்சில்லாத 4 பக்கமா மாத்தலாமா?

வைகைக்கரை:
மாத்துங்க. "நான் யாருன்னு இப்பத்தான் புரியுது"ன்னு எழுதிட்டா அவ முகத்தை எதுக்கு வரையணும்?

கோடுபோடுறவன்:
வேணாம்ணே. எழுத்தில்லாத கட்டத்துல கண்ணு நிக்காது, 4 பக்கமும் ஒரே மூச்சுல புரண்டுரும். கணக்கும் இடிக்குது. 128ங்கிறது 16 பக்க பாரம் (ஒரே தாள்ல அச்சடிச்சு மடிக்கிற பக்கக் கட்டு) எட்டு. 3 பக்கம் கூடினா 131. அரை பாரம் சேர்த்தாலும் 5 பக்கம் வெறுசா நிக்கும்.

வைகைக்கரை:
கேன்டீன் அரட்டையில 3 பக்கம் வெட்டுங்க, அங்க கதை நகரவே இல்ல. காட்சிக்கு முன்னாடியே வெட்டுறதால 76க்கு மேல எதுவும் இடம் மாறாது. பின்னாடி வெட்டினா இடையில வர்ற திருப்பமெல்லாம் இடது பக்கத்துலேர்ந்து வலதுக்குப் போயி, புரட்டுறதுக்கு முன்னயே கண்ணுல பட்டுரும். அப்படி வெட்டினா பிரிவு 72லேர்ந்து 75 வரைக்கும் வரும். 72, 73ல ஒரே கோணம், ஒரே கைப்பிடிச்சுவர். பை மட்டும் கையிலேர்ந்து தோளுக்கு ஏறணும். வித்தியாசத்தைத் தேடித்தான் கண்ணு நிக்கும். புரட்டினா 74ல செந்தில் மட்டும், ஓரக்கோடு இல்லாத முழுப் பக்கம்.

கோடுபோடுறவன்:
சரி, அது நிக்கும். ஆனா அவ ஏன் போறாங்கிறது படத்துல வராதுண்ணே. வேலைக்காகப் போறாளா, அவனை விட்டு விலகவா? 75ல ஒரு பெட்டியாச்சும் வேணும். படத்துல இருக்கிறதையே திருப்பிச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

வைகைக்கரை:
அதை 40ஆம் பக்கத்துலயே விதைக்கணும். இங்க வந்து விளக்குறது தோத்த மாதிரி.

கோடுபோடுறவன்:
விதைச்சது வாசகருக்கு ஞாபகம் இருக்கணுமே!
மைக்கூடு, பெட்டி வச்சா ஒண்ணு கவனிங்க. ஏ4ல வரைஞ்சு ஏ5க்குச் சுருக்கினா 71 சதவீதம். 8 பாயின்ட் எழுத்து வேணும்னா மூலத்துல 11.3க்குக் குறையாம வைங்க. வரி இடைவெளியும் தாராளமா விடுங்க, மேல் வரி உகரக் கொக்கி கீழ் வரி ஈகாரச் சுழியில முட்டும்.

வைகைக்கரை:
ஜூன்னா ஆத்துல வெள்ளம் வரைஞ்சிராதீங்க. மணலும் ஆகாயத்தாமரையும் போதும்.