மகேந்திரனைக் கொண்டாடுவதில் கொஞ்சம் அளவு வேண்டாமா?

கடைசிவரிசை:
ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 2 வந்தால் இதே கதைதான். இயக்குநர் மகேந்திரன் 2019-இல் மறைந்த நாள் அது. ஆளுக்கொரு அஞ்சலி எழுதுகிறோம். தமிழ் சினிமாவுக்கு மௌனத்தைக் கற்றுக்கொடுத்தவர் என்று அத்தனை பேரும் ஒரே வரியை எழுதுகிறோம். நானும் அவர் படங்களைப் பார்த்தவன்தான், வெறுப்பில் சொல்லவில்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது இல்லையா? 1978-இல் 'முள்ளும் மலரும்', 2006-இல் 'சாசனம்'. 28 ஆண்டுகளில் 12 படங்கள். அவற்றில் நாம் பேசுவது எவற்றை? 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்', 'ஜானி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'. இந்த நான்கும் 1978 ஆகஸ்டுக்கும் 1980 டிசம்பருக்கும் நடுவில் வந்தவை. இரண்டரை ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. மீதிக் காலம் முழுக்க என்ன நடந்தது? 'அழகிய கண்ணே', 'ஊர்ப் பஞ்சாயத்து' இரண்டையும் முழுதாகப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.

இன்னொன்று. முதல் இரண்டு படங்களின் மூலக்கதை வேறொருவருடையது. ஒளிப்பதிவு ஒன்றில் பாலு மகேந்திரா, மற்ற மூன்றில் அசோக்குமார். நான்குக்கும் இசை இளையராஜா. பந்தியில் பாயசம் நன்றாக இருந்தது என்பதற்காகப் பரிமாறியவர் கழுத்தில் மாலை போடுகிறோமோ என்பது என் சந்தேகம்.

வைகைக்கரை:
பாயசம் உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பரிமாறியவர் யார், சமைத்தவர் யார் என்பதில் நீங்கள் ஆளை மாற்றிவிட்டீர்கள்.

அசோக்குமார் எத்தனையோ இயக்குநர்களிடம் வேலை செய்திருக்கிறார். இளையராஜா அந்த ஆண்டுகளில் எத்தனை படங்களுக்கு இசையமைத்தார் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் படங்கள் எல்லாம் 'உதிரிப்பூக்கள்' ஆகிவிட்டனவா? முதல் படத்தில் ஒளிப்பதிவாளர் ஒருவர், அடுத்த படத்தில் வேறொருவர். இரண்டு படங்களுக்கும் மனநிலை ஒன்றாகவே இருக்கிறது. அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள், பிறகு மாலையைக் கழற்றலாம்.

பட்டணத்துப்பிள்ளை:
சின்ன சந்தேகம். 2016-இல் வந்த 'தெறி' படத்தின் வில்லன் பெரியவரும் இவரும் ஒருவர்தானா? இவ்வளவு நாளும் இரண்டு வேறு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வைகைக்கரை:
ஒருவரேதான் தம்பி. 'பேட்ட', 'நிமிர்' படங்களில் வருகிறவரும் அவர்தான். 'முள்ளும் மலரும்' படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறோம்.

பழுப்புத்தாள்:
கடைசிவரிசை சொன்னதில் பாதியை ஏற்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. என் கோபம் இலக்கியத்தைப் பற்றியது. மகேந்திரன் நாவலைப் படமாக்கியவர் என்று பாராட்டுகிறார்கள். எங்கே ஆக்கினார்? உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' கல்கி வெள்ளி விழா நாவல் போட்டியில் முதல் பரிசு வாங்கிய கதை. நாவலில் நாயகன் காளியின் கையைக் கொண்டுபோவது புலி. ரஜினி காளியாக நடித்த படத்தில் லாரி. 'உதிரிப்பூக்கள்' படத்துக்கு மூலமான 'சிற்றன்னை'க்கு நடந்தது இன்னும் மோசம். புதுமைப்பித்தன் எழுதியது தாயில்லாப் பிள்ளைகள் இரண்டு பேரின் வீட்டுக்குள் ஒரு சிறிய பெண் சிற்றன்னையாக வந்து சேரும் கதை. அதில் வரும் தகப்பன் கொடியவன் இல்லை. படத்தில் அவன் ஊரே நடுங்கும் ஆளாகிவிட்டான். பெயர் மட்டும் புதுமைப்பித்தனுடையது. பொன்னீலனின் 'உறவுகள்' 'பூட்டாத பூட்டுகள்' ஆனது, சிவசங்கரியின் 'நண்டு' அதே பெயரில் வந்தது. இந்த இரண்டும் எங்கே போயின என்று யாருமே கேட்பதில்லை.

வைகைக்கரை:
இதில் எனக்குக் குறையே தெரியவில்லை. 'சிற்றன்னை'யைப் படித்தவர் மனத்தில் தங்கியது அந்த இரண்டு பிள்ளைகள். அவர்களைச் சுற்றி வேறு உலகத்தைக் கட்டினார். கட்டி முடித்தபோது மூலத்திலிருந்து வெகு தூரம் வந்திருந்தார். ஆனாலும் பெயர்ப் பட்டியலில் புதுமைப்பித்தனுக்குரிய இடத்தைக் கொடுத்தார். அடுத்தவர் கதையை முழுசாக எடுத்துக்கொண்டு பெயரே போடாத ஊரில் இதைப் போய்க் குற்றம் என்கிறீர்களே. புலி விஷயமும் அப்படித்தான். காளி மலையில் மின்திட்டப் பணியிடத்தில் விஞ்ச், அதாவது கம்பிவடத்தில் இழுக்கும் வண்டி, ஓட்டுகிறவன். அவன் வாழ்க்கையைப் புலியைவிட ஒரு லாரி எளிதாகத் தொட்டுவிடும். நாவலில் புலிக்கு இடமிருக்கலாம். படத்தில் வந்திருந்தால் அந்த ஒரு காட்சிக்கு மட்டும் சர்க்கஸ் வாடை அடித்திருக்கும்.

பழுப்புத்தாள்:
சர்க்கஸ் வாடையா! உமாசந்திரன் ஐயா மன்னிப்பாராக.

ஒற்றைத்திரை:
வயதானவன் குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'உதிரிப்பூக்கள்' வந்தது 1979 அக்டோபரில், தீபாவளி சமயம். எங்கள் ஊரில் மண் தரை டிக்கெட் இருந்த கொட்டகை. படம் தொடங்கி அரை மணி நேரம் சத்தத்துக்குக் குறைவில்லை. ரஜினி இல்லை, சண்டை இல்லை, எழுந்து போனவர்களும் உண்டு. கடைசிக் காட்சியைச் சொல்கிறேன். அந்தத் தகப்பன் சுந்தரவடிவேலுவை ஊரே ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போகிறது. யாரும் அவனை அடிக்கவில்லை, கத்தவில்லை. அவன் திரும்பிப் பார்த்து, இத்தனை நாள் நல்லவர்களாக இருந்த உங்கள் எல்லோரையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, நான் செய்த தவறுகளில் இதுதான் பெரியது என்கிற பொருளில் பேசுகிறான். பிள்ளைகளிடம் விடைபெறுகிறான். தண்ணீருக்குள் இறங்குகிறான். கரையில் அந்த இரண்டு குழந்தைகள். படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகும் முறுக்கு விற்கிற பையன் குரல் கொடுக்கவில்லை. அவனும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

இது எந்த ஒளிப்பதிவாளர் கொடுத்தது, எந்த நாவலாசிரியர் கொடுத்தது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

கடைசிவரிசை:
ஐயா, அந்தக் காட்சியைப் பற்றி எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் நான் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. அப்படி ஒரு காட்சியை எடுக்கத் தெரிந்தவர் பிறகு ஏன் எடுக்கவில்லை? எல்லோரும் தயாரிப்பாளர்களையும் ரசிகர்களையும் கைகாட்டுகிறார்கள். 1980-க்குப் பிறகும் அவருக்கு வாய்ப்புகள் வராமல் இல்லை. 1984-இல் ரஜினியை வைத்து 'கை கொடுக்கும் கை' எடுத்தார். அதுவும் கன்னடத்தில் புட்டண்ணா கனகல் ஏற்கெனவே எடுத்த கதை. ரஜினி கைவசம் இருக்கும்போது ஒரு காளியை மறுபடி எழுத முடியவில்லையே! தாம் விரும்பி வந்த துறை இது இல்லை என்று அவரே பலமுறை சொன்னவர். விருப்பமில்லாமல் வந்தவர் பாதியில் சோர்ந்துபோனார் என்பதுதான் என் முடிவு. அதைத் தியாகமாக்கிப் பூசை செய்ய வேண்டாம்.

மூவியோலா:
இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைத் தொடவே இல்லை. அவர் இயக்குநர் ஆவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

வசனம் எழுதிக்கொண்டிருந்தார். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. இளையான்குடியில் பிறந்த அலெக்சாண்டர், அதுதான் மகேந்திரனின் இயற்பெயர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படிக்கும்போது எம்.ஜி.ஆர். அங்கே வருகிறார். மேடையில் அவரை வைத்துக்கொண்டே இந்த மாணவர் சினிமாவைக் கிண்டல் செய்கிறார். எங்கள் கல்லூரியில் ஒருவன் ஒரு பெண்ணிடம் பேசினாலே ஊர் முழுக்கப் பார்க்கிறது, இவரோ தெருவில் டூயட் பாடுகிறார், ஒருவரும் கண்டுகொள்வதில்லை என்கிற மாதிரி. எம்.ஜி.ஆர். ரசித்துச் சிரித்துப் பாராட்டுகிறார். பிறகு அந்த இளைஞர் சட்டம் படிக்கச் சென்னைக்கு வந்து, படிப்பை விட்டுப் பத்திரிகையில் சேர்ந்தபோது, அதே எம்.ஜி.ஆர். அழைத்து 'பொன்னியின் செல்வன்' நாவலுக்குத் திரைக்கதை எழுதச் சொல்கிறார். அந்தப் படம் நடக்கவில்லை. ஆனால் இவர் உள்ளே வந்துவிட்டார். 1966-இல் 'நாம் மூவர்' தொடங்கி ஏறக்குறைய 12 ஆண்டுகள் மற்றவர்களுக்கு எழுதினார். 1974-இல் சிவாஜி நடித்த 'தங்கப்பதக்கம்' இவர் எழுதியதுதான். எஸ்.பி. சௌத்ரியாக சிவாஜி பேசப் பேசக் கொட்டகை அதிர்ந்தது.

இப்போது யோசியுங்கள். காதலர்கள் தெருவில் பாடுவதைக் கேலி செய்த மாணவர், மேடை நாடகம் போலப் பேசும் படங்களுக்கு எழுதியே பிழைக்க வேண்டியிருந்தது. நான்கு பக்கம் பேசினால் கை தட்டுவார்கள் என்பது அவருக்கு யாரையும்விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் கைதட்டலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். இயக்குநர் ஆன அன்று தமக்குச் சோறு போட்ட அந்தத் திறமையையே தூக்கி வைத்துவிட்டார். படமெடுக்க வந்த புதிதில் பேச்சைக் குறைப்பது ஒன்றும் பெரிதில்லை. பேச்சை எழுதிப் பெயர் வாங்கியவர் குறைத்தார் பாருங்கள், அங்கேதான் நான் தொப்பியைக் கழற்றுகிறேன்.

'முள்ளும் மலரும்' படத்தைப் பார்த்த தயாரிப்பாளர் வேணு செட்டியார், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வசனம் வருகிறது, இது என்ன படம் என்று நொந்துபோனதை மகேந்திரனே சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் 'தங்கப்பதக்கம்' எழுதிய கைக்காகத்தான் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். கடைசியில் ஒரு பகுதியை எடுக்கப் பணம் கிடைக்காமல், கமல் ஹாசன் தம் செலவில் எடுக்க உதவினார் என்பதும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். பாலு மகேந்திராவை அவரிடம் அழைத்துவந்ததும் கமல்தான்.

வைகைக்கரை:
மூவியோலா அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பேச்சைக் குறைத்தார் என்பதைவிட, பேச்சை எங்கே வைப்பது என்று கற்றுக்கொண்டார் என்பது சரியாக இருக்கும். காளியின் அந்த "கெட்ட பய சார்" வசனம் இன்றைக்கும் வாழ்கிறதே, அது வசனகர்த்தாவின் வரி இல்லாமல் வேறென்ன? கை போனவன், வேலை போனவன், இன்ஜினீயர் முன்னால் நின்று பேசுகிறான். படத்தில் மற்ற இடங்களில் ஆட்கள் குறைவாகப் பேசுவதால்தான் அது தைக்கிறது.

பழுப்புத்தாள்:
இதை ஏற்கிறேன். ஆனாலும் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்துக்கு வருவோம். மூடுபனியில் ஓட்டம், ஓடுகிற காலடியே தாளமாகும் பாட்டு, சுகாசினியின் முதல் படம், மூன்று தேசிய விருதுகள். அழகு, அழகு, அழகு. அந்த விருதுகளில் ஒன்று சிறந்த தமிழ்ப் படத்துக்கு, மற்ற இரண்டு ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும். அதாவது கடைசிவரிசை சொன்ன பாயசக் கணக்கு இந்த இடத்தில் மட்டும் பொருந்துகிறது. எனக்கு அந்தப் படத்தில் 'உதிரிப்பூக்கள்' படத்தின் மண் வாசனை கிடைக்கவில்லை. ஊரை விட்டு நகரத்துக்கு வந்ததும் அவருடைய ஆட்கள் கொஞ்சம் வெளிறிப்போகிறார்கள்.

கடைசிவரிசை:
நன்றி. இவ்வளவு நேரத்தில் என் பக்கம் வந்த முதல் ஆதரவு இது, அதையும் பாதிதான் கொடுத்தீர்கள்.

ஒற்றைத்திரை:
'சாசனம்' படத்தைக் கணக்கில் சேர்த்தவர் அதை ஒருமுறை பார்த்திருக்கலாம். நகரத்தார் வீட்டில் பிள்ளை கூட்டும் வழக்கம். வேறு வீட்டுக்குச் சுவீகாரம் போன மகன் பெற்ற வீட்டுக்கு உரிமையில்லாதவன் ஆகிறான். கந்தர்வனின் கதை. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணத்தில் தொடங்கி, பல ஆண்டுகள் இழுத்து 2006-இல் வெளியே வந்தது. சோர்ந்துபோனவர் அறுபது வயதைத் தாண்டியும் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாரா? குறைகள் இருக்கின்றன, நான் இல்லை என்று சொல்லவில்லை.

மூவியோலா:
கடைசியாக ஒரு காட்சி, பிறகு தூங்கப் போகிறேன். 'முள்ளும் மலரும்' படத்தின் முடிவு. காளியின் தங்கை வள்ளியை இன்ஜினீயருக்குக் கட்டிக்கொடுக்க ஊரே அழைத்துக்கொண்டு போகிறது. காளியின் மனைவிகூட அந்தக் கூட்டத்தில்தான். ஒற்றைக் கையோடு காளி தனியாக நிற்கிறான். வள்ளி நடக்கிறாள், நிற்கிறாள், கூட்டத்தை விட்டுத் திரும்பி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். அவனுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. என் தங்கைக்கு உங்கள் எல்லோரையும்விட நான்தான் முக்கியம் என்று ஊருக்குக் காட்டியாயிற்று. தானே அவளை அழைத்துப்போய் இன்ஜினீயரிடம் ஒப்படைக்கிறான். வேறு எந்த இயக்குநராக இருந்தாலும் அங்கே இரண்டு பேரையும் கட்டிப்பிடிக்க வைத்திருப்பார். காளியோ, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை சார் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். மனிதன் மாறவில்லை. தங்கைக்காக ஒரு படி இறங்கினான், அவ்வளவுதான். ரஜினியிடம் பாலசந்தர் ஒரு மேடையில் உனக்குப் பிடித்த இயக்குநர் யார் என்று கேட்டபோது, தம்மை அறிமுகப்படுத்திய குருவையே எதிரில் வைத்துக்கொண்டு மகேந்திரன் என்று சொன்னாரே, அதில் காளி கொஞ்சம் இருந்தான் என்று தோன்றும்.

பட்டணத்துப்பிள்ளை:
பார்த்துவிட்டு வந்துவிட்டேன். முடிவை மேலே சொல்லிவிட்டீர்களே என்று பயந்தேன். நல்ல வேளை, படத்தைப் பார்த்த பிறகுதான் இதைப் படித்தேன். அந்தத் 'தெறி' வில்லனா இதை எடுத்தார்!

கடைசிவரிசை:
சரி. பரிமாறியவர்தான் சமைத்தார் என்பதை ஏற்கிறேன். வசனகர்த்தா வாயை மூடிக்கொண்ட கதையை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. மூவியோலா அண்ணனுக்கு என் வணக்கம். வைகைக்கரை, உங்கள் மாலை அவர் கழுத்திலேயே இருக்கட்டும்.

ஆனால் 'ஜானி' இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை சார்.