கட்டுரையின் நடுப்பத்திகள் வலுவில்லாமல் நிற்கின்றன: எப்படிச் சரிசெய்வது?

பாளையங்கோட்டை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘தாமிரபரணியில் துணி விடும் வழக்கம் நிற்க வேண்டும்’ என்ற தலைப்பில், இறந்தவரின் துணியை ஆற்றில் விட்டுவருவதை எதிர்த்து, வாதக் கட்டுரை எழுதி ஒரு போட்டிக்கு அனுப்பியிருந்தேன். திரும்பி வந்த தாளில் முன்னுரைக்குப் பக்கத்தில் ‘நன்று’ என்று இருந்தது. நடுவில் உள்ள மூன்று பத்திகளுக்கும் சேர்த்து ஓரத்தில் ஒரே வரி: ‘சொல்கிறாய், நிறுவவில்லை.’

அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. நான் எழுதியது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆடி அமாவாசைக்கு மறுநாள் பாபநாசம் படித்துறையில் இறங்கியபோது என் காலில் சுற்றியது ஒரு சேலை. அதற்குப் பிறகுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் வேறொரு போட்டிக்குத் திருத்தி அனுப்ப வேண்டும். முதல் நடுப்பத்தி இது:

“தாமிரபரணி நம் தாய். பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இந்த வற்றாத நதியை எட்டு அணைக்கட்டுகள் அழகு செய்கின்றன. 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம் இதன் பெருமையைச் சொல்லும். ‘நீரின்று அமையாது உலகு’ என்றார் வள்ளுவர். மேலும், பாபநாசத்தில் மக்கள் துணிகளை ஆற்றில் விடுகிறார்கள். இது மிகவும் தவறு. மேலும், இதனால் ஆறு மாசுபடுகிறது. ஆகவே துணி விடக் கூடாது.”

எங்கே தவறுகிறேன்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சேரன்மகாதேவி:

மகளே, உன் பத்தியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நதியின் நீளமும் பாலத்தின் ஆண்டும் துணி விடுவது தவறு என்பதற்கு எப்படிக் காரணம் ஆகும்? 128 கிலோமீட்டருக்குப் பதில் 60 கிலோமீட்டர் ஓடினால் துணி விடலாமா? நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்கிறதே, அதில் ‘மற்றொன்று விரித்தல்’ என்று ஒன்று உண்டு. எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றை வளர்ப்பது. உன் பத்தியின் முதற்பாதி முழுக்க அதுதான். ‘தவறு’, ‘மாசுபடுகிறது’, ‘விடக் கூடாது’ என்று முடிவில் மூன்று முறை ஒன்றையே சொல்கிறாய். அது ‘கூறியது கூறல்’.

குறளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் என்பதால் இதில் எனக்கு ஆதங்கம் உண்டு. நீர் இல்லாமல் உலகம் இல்லை என்பதை யார் மறுத்தார்கள்? படித்துறையில் துணியை விடுகிறவரும் அதை ஒப்புக்கொள்வார். யாரும் மறுக்காத ஒன்றுக்குச் சான்று தேடி வரியைச் செலவழிக்கிறாய். மறுக்கப்படுவது எதுவோ அதற்குத்தான் சான்று வேண்டும். உன் தலைப்பில் மறுக்கப்படுவது, ‘ஒரு துணியால் ஆற்றுக்கு என்ன கேடு வந்துவிடும்?’ என்ற ஒன்றுதான்.

அதே நன்னூல் எழுவகை மதம் என்று ஆசிரியன் ஒரு கருத்தைக் கையாளும் ஏழு வழிகளையும் சொல்கிறது. அதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள். ஒன்று, ‘தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு’: தானே ஒரு கருத்தை நாட்டி, அதைக் கடைசிவரை நிலைநிறுத்துவது. உன் தாளின் ஓரத்தில் ‘நிறுவவில்லை’ என்று எழுதியவர் கேட்டது இதையே. மற்றது, ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’: எதிர்த்தரப்பின் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதைக் களைவது. இந்த இரண்டும் இல்லாமல் வாதக் கட்டுரை இல்லை.

செய்தித்தாள் உதவி ஆசிரியர், வண்ணார்பேட்டை:

ஐயா சொன்னதை வேலைக்கு இறக்கிப் பார்ப்போம். பத்தியின் முதல் வரியில் உன் கருத்து நிற்க வேண்டும். ‘தாமிரபரணி நம் தாய்’ என்பது கருத்து ஆகாது, அது வணக்கம். ‘பாபநாசத்தில் விடும் துணி ஆற்றோடு போய்விடுவதில்லை’ என்று தொடங்கிப் பார். படிக்கிறவர் உடனே ‘ஏன்?’ என்று கேட்பார். அந்தக் கேள்வியை எழுப்பாத முதல் வரியை அடித்துவிடு.

அடுத்த வரிகள் அந்த ‘ஏன்’ என்பதற்கு விடை. இங்கேதான் சான்று. உன் காலில் சுற்றிய சேலையை எங்கே ஒளித்து வைத்தாய்? அதை எங்களிடம் சொன்னாய், கட்டுரையில் சொல்லவில்லை. நாளும் இடமும் சொல்லித் தான் கண்டதை எழுதினால் அதுவும் சான்றே. அதனுடன், கேட்ட எவரும் சரிபார்க்கக்கூடிய ஒன்றையும் சேர். பாலியஸ்டர் என்பது தண்ணீர் பாட்டில் செய்கிற அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி இழுத்த நூல். பருத்தியைப் போல மக்காது. வீட்டில் ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டினால் தெரியும்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும்.

பெரும்பாலோர் சான்றைச் சொன்னதும் அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார்கள். சான்றுக்கும் கருத்துக்கும் நடுவில் ஒரு வரி பாலம் வேண்டும். ‘மக்காத நூல் என்றால், இந்த ஆண்டு விட்ட சட்டையின் மேல்தான் அடுத்த ஆண்டுச் சட்டை விழுகிறது’ என்பது போல. சான்று தானாகப் பேசாது, நீதான் அதைப் பேசவைக்க வேண்டும்.

‘மேலும்’ என்ற சொல்லை எண்ணிப் பார். எட்டு வரியில் இரண்டு. ‘மேலும்’ என்பது இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும், பிணைக்காது. ‘அதனால்’, ‘ஆனாலும்’, ‘அப்படியானால்’ என்று வரும்போதுதான் வாதம் நகர்கிறது. மூன்று பத்திகளின் முதல் வரிகளை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுது. வரிசையை மாற்றினாலும் பொருள் கெடவில்லை என்றால், இன்னும் வரிசையே அமையவில்லை.

கடைக்காரர், விக்கிரமசிங்கபுரம்:

நான் எழுத்தாளன் இல்லை. பாபநாசத்துக்குப் பக்கத்திலேயே கடை. உங்கள் கட்டுரை யாரை நோக்கிப் பேசுகிறது? நடுவரையா, படித்துறையில் நிற்கிறவரையா?

சென்ற ஆண்டு ஒருவர் இறந்த தகப்பனாரின் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றார். ஆற்றில் விடத்தான் வந்திருக்கிறார். கண் கலங்கியிருந்தது. அவரிடம் ‘மூடநம்பிக்கை’ என்று சொன்னால் காது கொடுப்பாரா? ‘ஆற்றில் நனைத்து எடுத்துக் கரையிலேயே வையுங்கள் அண்ணாச்சி, உங்கள் அப்பா குளித்த ஆறுதானே’ என்றேன். கேட்டுக்கொண்டார். மற்ற இரண்டு பத்திகளையும் நான் பார்க்கவில்லை. அவற்றில் ‘அறியாமை’, ‘மூடத்தனம்’ என்று எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தச் சொல் வந்த இடத்தோடு எங்கள் ஊர்க்காரர்கள் தாளை மடித்துவிடுவார்கள்.

பாளையங்கோட்டை மாணவி:

அண்ணாச்சி, இரண்டாம் பத்தியில் ‘அறியாமை’ இரண்டு இடத்தில் இருந்தது. எடுத்துவிட்டேன். அந்தப் பத்தியையே ஐயா சொன்ன ‘மதமேற்கொண்டு களைவு’ முறையில் புதிதாக எழுதியிருக்கிறேன்:

“இது முன்னோர் வழக்கம் என்று சொல்கிறவர்களை நான் மறுக்கவில்லை. இறந்தவரின் துணியை ஆற்றிடம் ஒப்படைப்பதில் துயரமும் மரியாதையும் மிகவும் ஆழமாக இருக்கின்றன. ஆனால் பருத்தி மட்டுமே உடுத்திய காலத்தில் ஆற்றுக்குப் போன துணி நாளடைவில் மக்கியது. இன்று நாம் விடும் சேலையும் சட்டையும் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தவை. தண்ணீர் பாட்டிலை ஆற்றில் எறிய மனம் வராத நாம், அதே பொருளில் நெய்த துணியை மட்டும் விட்டுவிட்டு வருகிறோம். ஆடி அமாவாசைக்கு மறுநாள் படித்துறையில் என் காலில் சுற்றிய சேலையில் ஜரிகைகூட மங்கவில்லை. வழக்கத்தின் பெயர் மாறவில்லை. ஆற்றில் விழும் பொருள் மாறிவிட்டது. அதனால் வழக்கத்தைக் காக்க நினைக்கிறவர்களே துணியைக் கரையில் வைத்துவிட்டு வர முன்வர வேண்டும்.”

ஒரு சந்தேகம். இதை முதலில் வைப்பதா, கடைசியில் வைப்பதா?

செய்தித்தாள் உதவி ஆசிரியர், வண்ணார்பேட்டை:

கடைசியில் வை. முதல் பத்தியில் துணி ஆற்றோடு போவதில்லை என்று காட்டு. இரண்டாவதில் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று காட்டு: பாபநாசத்தைத் தாண்டி வரும் அதே ஆற்றிலிருந்துதான் நம் வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் எடுக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒப்புக்கொண்ட வாசகருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தடை, ‘வழக்கமாயிற்றே’ என்பது. அந்த இடத்தில் இந்தப் பத்தி வந்தால் அவருக்கு வேறு பதில் இருக்காது. முதலிலேயே வைத்தால், அவர் இன்னும் எழுப்பாத தடைக்கு நீ விடை சொல்வதாகிவிடும்.

சேலை இந்தப் பத்தியில் வந்துவிட்டதால் முதல் பத்தியில் அதை மறுபடி கொண்டுவராதே. அங்கே பாறை இடுக்கில் வேறு ஏதாவது கண்டிருந்தால் அதை எழுது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சேரன்மகாதேவி:

‘ஜரிகைகூட மங்கவில்லை’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன், மகளே. அது நீ கண்டது. ஆனால் விட்ட மறுநாளே கண்டது என்றால் மங்காததில் வியப்பில்லை, மக்காமைக்கு அது சான்றாகவும் ஆகாது. எதிர்த்தரப்பு அங்கேதான் பிடிக்கும். பாசி பிடித்து, பாதி மணலில் புதைந்த பழைய துணி ஏதாவது கண்ணில் பட்டதா? பட்டிருந்தால் அதை எழுது. ‘மிகவும் ஆழமாக’ என்பதில் ‘மிகவும்’ வேண்டாம்.

பாளையங்கோட்டை மாணவி:

ஐயா, பார்த்தேன். பக்கத்துப் பாறைக்கு அடியில் ஒரு சட்டை. துணியெங்கும் பச்சைப் பாசி, ஆனால் காலர் மடிப்பு அப்படியே விறைப்பாக இருந்தது, பொத்தான் ஒன்றுகூட உதிரவில்லை. அதை எழுதத் தோன்றாமல் போயிற்று. சேலையை எடுத்துவிட்டு இதை வைக்கிறேன்.