விண்டோஸ் 11 அப்டேட் ஏறவில்லை: 0எக்ஸ்80072எஃப்8எஃப் பிழை. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஊரில் அப்பா பயன்படுத்தும் மேசைக் கணினியில் விண்டோஸ் அப்டேட் எதுவும் ஏறவில்லை. 2018இல் வாங்கியது, இன்டெல் எட்டாம் தலைமுறை, இப்போது விண்டோஸ் 11. அப்டேட் தேடச் சொன்னால் சிறிது நேரம் சுழன்றுவிட்டு, தலைப்பில் உள்ள பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. சி டிரைவில் 60 ஜிபிக்கு மேல் காலி. வைஃபையும் நன்றாகவே இருக்கிறது. காலையில் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஏதோ ஆங்கில வரிகள் வருகின்றனவாம். எஃப்1 அழுத்தினால் விண்டோஸ் வந்துவிடுகிறது என்கிறார். கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். ஓய்வூதியக் கோப்புகள், அம்மாவின் பழைய படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஃபார்மட் இல்லாமல் வழி உண்டா?

பதில் 1:
அமைப்புகளுக்குப் போய் விண்டோஸ் அப்டேட்டுக்கான ட்ரபிள்ஷூட்டரை ஓட்டிப் பாருங்கள். சரியாகாவிட்டால், அப்டேட் சேவையை நிறுத்திவிட்டு சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் என்ற ஃபோல்டரின் பெயரை மாற்றி, சேவையை மறுபடி தொடங்குங்கள். பாதியில் இறங்கிக் கெட்டுப்போன கோப்புகள்தான் காரணம் என்றால் அதில் தீர்ந்துவிடும்.

பதில் 2:
சகோதரி, எதையும் தொடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். திரையின் வலது மூலையில் என்ன தேதி காட்டுகிறது? ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
அப்பாவிடம் கேட்டேன். 2018 ஜனவரி 1 என்று காட்டுகிறதாம். கையால் மாற்றி வைத்தாலும் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. நேரத்தைத் தானாக அமைக்கும் வசதி ஆனில்தான் இருக்கிறது. வங்கித் தளத்தைத் திறந்தால் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கையும் வருகிறதாம்.

பதில் 2:
அப்படியானால் ஃபார்மட் வேண்டவே வேண்டாம். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைக்க மதர்போர்டில் ஒரு சிறிய பேட்டரி இருக்கிறது, சீமாஸ் பேட்டரி என்பார்கள். அது தீர்ந்துவிட்டது. காலையில் வரும் கறுப்புத் திரையும் அதைத்தான் சொல்கிறது.

அப்டேட் சர்வரோடு பேசுமுன் விண்டோஸ் அதன் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும். ஒவ்வொரு சான்றிதழும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்ற கெடுவோடு வருகிறது. உங்கள் கணினி 2018இல் நிற்பதால், இன்றைய சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே இணைப்பை மறுக்கிறது. வங்கித் தளத்தில் வரும் எச்சரிக்கைக்கும் காரணம் இதுவே.

தானாக நேரம் அமைப்பது ஏன் உதவவில்லை என்று கேட்பீர்கள். வீட்டுக் கணினியில் விண்டோஸின் நேரச் சேவைக்கு ஓர் எல்லை உண்டு: வித்தியாசம் 54,000 வினாடிக்கு, அதாவது 15 மணி நேரத்துக்கு, மேல் போனால் அது தானாகத் திருத்தாது. ஆண்டுக்கணக்கில் பின்தங்கிய கடிகாரத்தை அது கைவிட்டுவிடும்.

இரவில் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடும் வீடுகளில் இந்தப் பேட்டரி சீக்கிரம் தீரும். அணைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பேட்டரி மலிவானது, மாற்றிவிட்டால் போதும்.

கடையில் சிஆர்2032 என்று கேளுங்கள். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். சிஆர்2025 பார்க்க அதேபோல் இருக்கும், ஆனால் மெல்லியது. தொடர்பு விட்டுவிட்டுப் போகும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தைப் போக்கிய பிறகு பக்கத் தகட்டைத் திறக்கச் சொல்லுங்கள். போர்டில் வட்டக் குழியில் நாணயம்போல் பளபளவென்று கிடக்கும். ஓரத்திலுள்ள கிளிப்பை நகத்தால் நகர்த்தினால் பழையது எம்பி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்த வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பழையதைக் கண்ட இடத்தில் வைக்க வேண்டாம். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

பிறகு பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரையில், தேதி, நேரத்தைச் சரிசெய்து சேமித்துவிட்டு அப்டேட்டைத் தேடச் சொல்லுங்கள். அதிலும் ஏறாவிட்டால் மேலே நண்பர் சொன்ன வழிக்குப் போகலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. பக்கத்து வீட்டுத் தம்பி பேட்டரியை மாற்றிக் கொடுத்தான். தேதி நிற்கிறது, கறுப்புத் திரை வரவில்லை, அப்டேட்டுகள் வரிசையாக ஏறுகின்றன. வங்கித் தளமும் திறக்கிறது. அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

பதில் 2:
மகிழ்ச்சி. ஒன்று மட்டும் பாருங்கள். பேட்டரி தீர்ந்தபோது பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை; இன்டெல் போர்டில் அது பிடிடி என்ற பெயரில் இருக்கும், சிலவற்றில் அணைந்த நிலையே இயல்புநிலை. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செக்யூரிட்டி பிராசஸர் என்ற பகுதி தெரிகிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் போர்டின் மாடல் எண்ணை இங்கே எழுதுங்கள், எந்தப் பக்கத்தில் ஆன் செய்வது என்று சொல்கிறேன்.