இரவெல்லாம் கம்பியைக் கடிக்கும் ஹாம்ஸ்டர்: கூண்டில் நிலைகொள்ளச் செய்வது எப்படி?

மாலைமதி:

வணக்கம். அண்மையில் எங்கள் வீட்டுக்கு வந்த இளம் பெண் ஹாம்ஸ்டர் ஒன்று (எலி போன்ற சிறு வளர்ப்பு விலங்கு), சிரிய இனத்தைச் சேர்ந்தது, இரவு முழுவதும் கூண்டுக்குள் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. பகலில் தன் சிறு மரவீட்டுக்குள் சுருண்டு தூங்குகிறது. விளக்கை அணைத்த பிறகு வெளியே வந்து, கதவுக்குப் பக்கத்திலுள்ள கம்பியை, எப்போதும் அதே இரண்டு கம்பிகளைத்தான், கடித்துக் கடித்து இழுக்கிறது. பிறகு மேல்தட்டுக் கம்பிகளில் தொற்றிக்கொண்டு தலைகீழாக நகர்ந்து, பிடி நழுவிப் பொத்தென்று விழுந்து, எழுந்ததும் மறுபடி கதவுக்கே போகிறது. கூண்டு 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உடையது. தரையில் மரச்சீவலை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பியிருக்கிறேன். அது ஏறி ஓடுவதற்கென்று கூண்டுடன் சேர்ந்து வந்த சிறிய சக்கரம் ஒன்றும் உள்ளே இருக்கிறது.

விளையாடத்தான் கேட்கிறது போலும் என்று எண்ணி, அது கம்பியைக் கடிக்கும்போதெல்லாம் கதவைத் திறந்து அறையில் விடுகிறேன். வெளியே வந்தால் சுவரை ஒட்டியே ஓடுகிறது. நடு அறைக்கு வருவதே இல்லை. கையில் எடுத்தால் துள்ளிக் குதிக்கப் பார்க்கிறது. திரும்ப உள்ளே விட்டதும் கடி தொடங்கிவிடுகிறது. சில இரவுகளில் மட்டும் இந்தப் பரபரப்பு இரு மடங்காகிறது. துணைக்கு இன்னொன்றைச் சேர்க்கலாம் என்று ஒருவரும், உருளும் பிளாஸ்டிக் பந்துக்குள் விட்டு ஓடவிடலாம் என்று இன்னொருவரும் வீட்டில் சொல்கிறார்கள். வளர்த்துப் பழகியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இரவாடி:

முதலில் அந்த இரண்டு யோசனைகளையும் கைவிடச் சொல்லுங்கள். சிரிய ஹாம்ஸ்டர் தனித்து வாழும் விலங்கு. துருக்கி, சிரியா எல்லைப் பகுதியில் அதன் வளைகளைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், எந்த வளையிலும் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுக்கு மேல் இருக்கவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே கூண்டில் இரண்டை விட்டால் அவை ஒன்றையொன்று கடித்துக் குதறும். அதில் ஒன்று இறந்துபோவதும் உண்டு. பந்தைப் பொறுத்தவரை, அதற்குள் அடைபட்ட ஹாம்ஸ்டரால் மோப்பம் பிடிக்க முடியாது, மீசையால் வழி தடவ முடியாது, பயந்தால் ஒளியவும் முடியாது. காற்றுக்காக விட்டிருக்கும் கீறல்களில் அதன் விரல்கள் சிக்கிக்கொள்ளவும் கூடும். பந்து உருள்வதைப் பார்த்து அது மகிழ்ச்சியாக ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்; பெரும்பாலும் அது தப்பிக்கத்தான் ஓடுகிறது.

இனி உங்கள் ஹாம்ஸ்டரின் தவிப்புக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த நான்கு விரல் உயரம்தான். நான் சொன்ன அதே வளைகளின் சராசரி ஆழம் ஏறத்தாழ 65 செ.மீ.; சில வளைகள் ஒரு மீட்டரையும் தாண்டின. நிலத்துக்குள் அவ்வளவு தூரம் இறங்கி, தூங்க ஓர் அறையும் தானியத்தைச் சேர்த்துவைக்க ஓர் அறையும் அமைத்துக்கொள்ளும் உயிருக்கு, தோண்டத் தொடங்கியதுமே தரைத்தட்டு நகத்தில் இடித்தால் அது வேறு என்ன செய்யும்? 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 செ.மீ. என மூன்று ஆழமுள்ள சீவல் அடுக்குகளில் வளர்த்துப் பார்த்தார்கள். 10 செ.மீ. அடுக்கில் இருந்தவைதாம் கம்பியை மிகுதியாகக் கடித்தன, சக்கரத்திலும் அதிகமாக ஓடின, 80 செ.மீ. அடுக்கில் இருந்தவை கம்பியில் வாயே வைக்கவில்லை. வீட்டில் 80 செ.மீ. கடினம்தான். ஆனால் 25 முதல் 30 செ.மீ. வரை, கூண்டின் ஒரு பாதியிலாவது கொடுக்க முடியும்.

தரைப்பரப்பும் போதாது. உங்கள் கூண்டின் தரை 2,400 சதுர செ.மீ.தான். சிரிய இனத்துக்கு 100 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் குறைந்த அளவு என்று கொள்ளுங்கள். இடமிருந்தால் இன்னும் பெரிதாக்குங்கள். பல மாடிகளும் வளைகுழாய்களும் கொண்ட உயரமான கூண்டு இதற்கு ஈடாகாது. ஹாம்ஸ்டருக்குக் கிட்டப்பார்வை, உயரத்தை மதிப்பிடத் தெரியாது, விழுந்தால் கால் முறியும். மேல்தட்டில் தொங்கி விழுவதாக நீங்கள் எழுதியிருப்பது கம்பிக் கடியைவிட எனக்குக் கவலை தருகிறது.

கண்ணாடித் தொட்டிக்கு மாறினால் கடிக்கக் கம்பியே இருக்காது என்று பலர் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் தொட்டி சிறியதாகவோ ஆழமற்றதாகவோ இருந்தால், கம்பியைக் கடித்த ஹாம்ஸ்டர் அடுத்து மூலையைப் பிறாண்டத் தொடங்கும்.

நெடுமீசை:

இரவாடி சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். இருந்தாலும், கூண்டை மாற்றினால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் வேண்டாம். 10,000 சதுர செ.மீ. தரை கொண்ட கூண்டுகளிலும் சில ஹாம்ஸ்டர்கள் கம்பியைக் கடித்ததாக இன்னோர் ஆய்வு கூறுகிறது. கடிக்கும் நேரம் குறைகிறது, பழக்கம் அறவே மறைவதில்லை. உங்கள் ஹாம்ஸ்டரைப் பொறுத்தவரை அந்தப் பழக்கத்துக்கு ஒரு கூலியும் கிடைத்துவருகிறது. கம்பியைக் கடித்தால் கதவு திறக்கும் என்பதை அது கற்றுக்கொண்டிருக்கிறது. எப்போதும் அதே இரண்டு கம்பிகளைக் கடிப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆகவே கடித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். அது சீவலைக் கிளறிக்கொண்டோ உணவைத் தேடிக்கொண்டோ இருக்கும் வேளையில், முடிந்தவரை தினமும் ஒரே நேரத்தில், வெளியே அழைத்து வாருங்கள். தூங்குவதை எழுப்பி விளையாட விடுவது கூடவே கூடாது; அரைத்தூக்கத்தில் இருக்கும் ஹாம்ஸ்டர் கடிக்கும், அதைக் குற்றம் சொல்ல முடியாது.

சுவரை ஒட்டி ஓடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். திறந்த வெளி அதற்கு அச்சம் தரும் இடம். மேலிருந்து பருந்தோ ஆந்தையோ பாயும் என்பது அதன் உடம்பில் ஊறிய எச்சரிக்கை. முழு அறையையும் கொடுக்காமல், ஏறமுடியாத வழவழப்பான அட்டைகளால் சிறு திடல் ஒன்றைத் தடுத்து, அதற்குள் காகிதக் குழல்களையும் கவிழ்த்துவைத்த அட்டைப் பெட்டிகளையும் நெருக்கமாகப் பரப்புங்கள். ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்கு இரண்டு மூன்று எட்டுகளில் போக முடிந்தால் அது நடுவிலும் வரத் தொடங்கும். நீங்களும் அந்தத் தடுப்புக்குள் காலை நீட்டி அமர்ந்துகொள்ளுங்கள். துரத்தவோ மேலிருந்து கையை நீட்டிப் பிடிக்கவோ வேண்டாம். முதலில் உங்கள் காலை மோந்துவிட்டு ஓடும். பிறகு மேலே ஏறும். உள்ளங்கையில் சூரியகாந்தி விதை ஒன்றை வைத்தால் முதலில் விதையைப் பறித்துக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு மறைந்துவிடும். சில நாளில் அங்கேயே உட்கார்ந்து உடைத்துத் தின்னும். அந்தக் கட்டம் வந்த பிறகுதான் இரு கைகளையும் குழித்துத் தூக்க வேண்டும், அதுவும் தரையை ஒட்டி. அரை மணி நேரம் போதும்.

சில இரவுகளில் பரபரப்பு இரு மடங்காவதற்கு எளிய விளக்கம் இருக்கிறது. பெண் ஹாம்ஸ்டருக்கு நான்கு நாள்களுக்கு ஒருமுறை இனச்சேர்க்கைப் பருவம் திரும்பி வரும். அந்த இரவில் அது ஓயாமல் ஓடும். நாள்காட்டியில் குறித்துப் பாருங்கள், கணக்கு ஒத்துவரும். மாறாக, இரவிலும் எழாமல் ஒடுங்கிக் கிடந்தாலோ, வால்பகுதி நனைந்து வயிற்றுப்போக்கு இருந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இடம் மாறி வந்த இளம் ஹாம்ஸ்டர்களுக்கு வரும் அந்த நோய் ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும்.

மாலைமதி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பழைய மீன் தொட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதையே பயன்படுத்த எண்ணுகிறேன். பழைய கூண்டிலிருந்து எப்படி மாற்றினால் அது மிரளாமல் இருக்கும்? இந்தச் சக்கரத்தையே அங்கும் வைக்கலாமா? இதில் ஓடும்போது அதன் முதுகு வில்லாக வளைகிறது.

வளைவாசி:

முதுகு வளைந்தால் சக்கரம் சிறியது என்று பொருள். சிரிய இனத்துக்கு 28 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத சக்கரம் வேண்டும். ஓடும் பரப்பு இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும். கம்பிப் படிகள் உள்ளதில் கால் சிக்கும்.

தொட்டியில் சீவலை மட்டும் கொட்டினால் தோண்டிய வளை சரிந்துவிடும். காகிதத் துகள், மரச்சீவல், காய்ந்த புல் ஆகியவற்றை மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். புல்லின் தாள்கள் பின்னிக்கொண்டு சுரங்கத்தின் கூரையைத் தாங்கும். தேவதாருச் சீவலின் நெடி மூச்சுக்குழாயைப் பாதிக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். கூடு கட்டுவதற்கென்று விற்கப்படும் பஞ்சும் வேண்டாம். அதன் இழை காலில் சுற்றி இறுகும். விழுங்கினால் குடலை அடைக்கும். வண்ணமோ வாசனையோ இல்லாத மெல்லிய காகிதத்தைக் கிழித்துப் போட்டால், அதுவே வாயில் அள்ளிக்கொண்டு போய்த் தனக்கு வேண்டியபடி பரப்பிக்கொள்ளும்.

மாற்றும்போது பழைய கூட்டைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள். பழைய சீவலிலும் ஒரு பங்கைப் புதியதன் மேல் தூவுங்கள். ஹாம்ஸ்டருக்கு வீடு என்பது வாசனைதான். முதல் சில நாள்களுக்கு உணவும் நீரும் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உணவைக் கிண்ணத்தில் குவிக்காமல் தொட்டி முழுவதும் சிதறிவிட்டால் இரவின் பெரும்பகுதி தேடுவதிலேயே கழியும். பின்னாளில் துப்புரவு செய்யும்போதும் நனைந்த மூலையை மட்டும் அள்ளிவிட்டு, மற்றதை விட்டுவிடுங்கள். வாரந்தோறும் முழுவதையும் கழுவித் துடைத்தால், அது ஒவ்வொரு முறையும் புது இடத்துக்கு வந்ததாகவே திகைக்கும்.

சக்கரத்தையும், அது புரண்டு உடலைத் துப்புரவு செய்துகொள்ள வைக்கும் மணல்குளியல் தட்டையும் சீவலின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். அடியில் தோண்டினால் அவை சரிந்து ஹாம்ஸ்டரின் மேலேயே விழக்கூடும். தொட்டியின் அடித்தட்டில் காலூன்றி நிற்கும் மரப்பலகை ஒன்றை அமைத்து, கனமான பொருள்களை அதன் மேல் வையுங்கள். தட்டில் இடுவது தூசியற்ற மணலாக இருக்கட்டும். சின்சில்லா என்னும் வேறொரு கொறிவிலங்குக்கென்று விற்கும் நுண்பொடி நுரையீரலுக்கு ஆகாது. மேலே கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, சிறு கண்ணிகள் கொண்ட கம்பி வலையைச் சட்டமடித்துப் பொருத்துங்கள். சக்கரத்தின் உச்சியிலிருந்து அந்த வலைக்கு அது எட்டாத அளவு இடைவெளி இருக்கிறதா என்று முதல் இரவே பார்த்துவிடுங்கள்.