தோள் காயத்துக்குப் பிறகு பெஞ்ச் பிரஸ்: பார் நெஞ்சருகே வரும்போது மட்டும் வலி

கேள்வி: புதுப்பிடி
வலது தோளில், கையைப் பக்கவாட்டில் உயர்த்த உதவும் சுப்ராஸ்பினேட்டஸ் தசையின் தசைநாரில் பகுதிக் கிழிசல். அறுவை சிகிச்சை இல்லை. பிசியோதெரபி முடிந்துவிட்டது, கை தலைக்கு மேல் வலியில்லாமல் போகிறது, எடை தூக்க அனுமதியும் கிடைத்துவிட்டது. ஆனால் பெஞ்சில் படுத்து பாரை நெஞ்சுக்கு இறக்கித் தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில், 20 கிலோ வெறும் பாரிலேயே, நெஞ்சைத் தொடப்போகும் கடைசி இரண்டு அங்குலத்தில் தோளின் முன்பக்கம் சுருக்கென்கிறது. மேலே தள்ளும்போது ஒன்றும் இல்லை. பழைய பழக்கம்: அகலப் பிடி, முழங்கை நேர் பக்கவாட்டில், பார் கழுத்தெலும்பை ஒட்டி இறங்கும். எதை முதலில் மாற்ற வேண்டும்? தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ், பாரை முதுகில் வைத்து உட்கார்ந்தெழும் ஸ்குவாட் எப்போது தொடங்கலாம்?

பதில்: எடைத்தட்டு
நீங்கள் சொன்ன மூன்று பழக்கமும் சேர்ந்தால் வலி வர வேண்டிய இடம் அதுதான். முழங்கை 90 டிகிரி விரிந்து கீழே போகும்போது மேற்கை எலும்பின் தலை குழியில் முன்பக்கமாகத் தள்ளப்படுகிறது. அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில்தான் அந்த அழுத்தம் உச்சம்.

முதலில் பாரைத் தாங்கும் ரேக்கின் கொக்கி உயரத்தைப் பாருங்கள். பலரும் கவனிக்காத இடம் இது. கொக்கி உயரமாக இருந்தால் பாரை எடுக்க தோளை மேலே நீட்ட வேண்டும், பின்னால் இழுத்து வைத்த தோள்பட்டை எலும்பு அந்த நொடியிலேயே நழுவிவிடும். பிறகு எவ்வளவு முயன்றாலும் அந்த செட்டில் (சுற்றில்) சரியாகாது. முழங்கை லேசாக மடங்கிய நிலையில் பிடித்து, மூன்று நான்கு சென்டிமீட்டர் நிமிர்த்தினாலே பார் கொக்கியை விட்டு வெளியே வர வேண்டும். முடிந்தால் ஒருவரை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து பிடி. பார் நெஞ்சருகே இருக்கும்போது முன்னங்கை செங்குத்தாக நிற்கும் அகலம் போதும். முழங்கை உடலிலிருந்து 45 முதல் 60 டிகிரி. பார் தொடும் இடம் நெஞ்சின் கீழ்ப்பகுதி. மேலே போகும்போது சற்றுச் சாய்வாகத் தோளுக்கு நேராக வந்து முடியும். பயந்துபோய் முழங்கையை விலாவோடு ஒட்டிவிடாதீர்கள். பார் வயிற்றுப் பக்கம் போய்விடும், சுமை மறுபடி தோளின் முன்பக்கத்துக்கே வரும்.

இதையெல்லாம் வலிக்கும் ஆழத்தில் பழக வேண்டாம். தரையில் படுத்து, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி டம்பெல் பிரஸ் செய்யுங்கள். மேற்கை தரையைத் தொட்டதும் தானாக நின்றுவிடும், அந்த ஆபத்தான ஆழம் வரவே வராது. இறக்க 3 நொடி, தரையில் 1 நொடி, பிறகு தள்ளல். 10 ரெப் (முறை), 3 செட். அது பழகியதும் பெஞ்சில் பார், நெஞ்சின் மேல் தடிமனாகச் சுருட்டிய துண்டு. துண்டின் தடிமனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஆழத்தைத் திரும்பப் பெறுங்கள்.

பதில்: நிதானம்
மேலே சொன்னதோடு ஒன்று: ஆழம், எடை இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். வலி வந்தால் எதனால் என்றே தெரியாது.

வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடுங்கள். 3 வரை இருந்து மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் இழுத்துக்கொண்டிருந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். தசைக்குச் சீக்கிரம் பலம் வந்துவிடும், தசைநார் அவ்வளவு வேகமாகத் தேறாது. "இன்று லேசாக இருக்கிறதே" என்று எடை ஏற்றும் நாளில்தான் பழைய காயம் கிளம்புகிறது.

தலைப் பக்கத்திலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள். வலது பக்கம் தாமதமாக ஏறுகிறதா, பார் சாய்கிறதா என்பது படுத்திருப்பவருக்குத் தெரியாது. தள்ளும் செட் எத்தனையோ அதற்குக் குறையாமல், எடையை உடலை நோக்கி இழுக்கும் ரோ செட்டும் வேண்டும். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு ரப்பர் பேண்டை வெளிப்பக்கம் இழுப்பதை 15 ரெப், 2 செட் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: நேர்கோடு
ஓவர்ஹெட் பற்றி யாரும் சொல்லவில்லை. பெஞ்சில் "தோள்பட்டையைப் பின்னால் இழு, கீழே அழுத்து" என்பது சரி. அதே கட்டளையைத் தலைக்கு மேல் தள்ளும்போது கொடுத்தால் தவறு. கை முழுக்க உயரும் 180 டிகிரியில் ஏறக்குறைய 60 டிகிரி தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழல்வதால் வருகிறது. அதைப் பூட்டி வைத்தால் மொத்தச் சுமையும் உங்கள் கிழிந்த தசைநார் இருக்கும் பக்கம் விழும். பாரின் ஒரு முனையை மூலையில் ஊன்றி மறுமுனையை ஒரு கையால் சாய்வாகத் தள்ளும் லேண்ட்மைன் பிரஸ்ஸில் தொடங்குங்கள். அது வலியில்லாமல் போனால் டம்பெல், முழங்கை பக்கவாட்டிலிருந்து 30 டிகிரி முன்னே. கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ், எடையை உடலை ஒட்டி நேராக மேலே இழுத்துத் தோள் உயரம் தாண்டும் அப்ரைட் ரோ, இரு கம்பிகளில் கை ஊன்றி உடலை இறக்கும் ஆழமான டிப்ஸ் மூன்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

ஸ்குவாட்டில் கால் தடையில்லை, பாரைப் பிடிக்கும் கைதான் சிக்கல். பார் முதுகில் கீழே இருக்க இருக்கத் தோள் வெளிப்பக்கம் அதிகம் திருகும். டம்பெல்லை நெஞ்சருகே பிடித்துச் செய்யும் காப்லெட் ஸ்குவாட் இன்றே செய்யலாம்.

கேள்வி: புதுப்பிடி
நன்றி. தரை பிரஸ்ஸுக்கு எத்தனை கிலோ டம்பெல்?

பதில்: எடைத்தட்டு
கிலோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். 10 ரெப் முடிந்ததும் இன்னும் 4, 5 போட முடியும் என்று தோன்றும் எடை. வலது கைக்கு எது பொருந்துகிறதோ அதுவே இடதுக்கும். 3 செட்டும் 12 ரெப் வந்து, அடுத்த முறையும் அப்படியே வந்தால் கிடைக்கும் மிகச் சிறிய படி மட்டும் ஏற்றுங்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கை மரத்துப்போவது, கையைப் பக்கவாட்டில் உயர்த்தவே பலம் இல்லாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் எடையை வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.