சோக்: காற்றடைப்பியா, செறிவியா?

குழுவினருக்கு வணக்கம்.

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) சொற்பட்டியலில், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய உதவும் சோக் என்பதற்கு ‘நெரிப்பி’ என்று போட்டிருக்கிறோம். அது என்ன வேலை செய்கிறது என்பது இந்தச் சொல்லில் தெரியவே இல்லை. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. கணிசமான பங்கு மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் கலவை போகும் குழாய்) சுவரில் ஈரமாகப் படிந்துவிடும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று என்பது சூடான எஞ்சினுக்குத்தான் சரிப்படும். குளிரில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்தால்தான் பற்றும். கார்புரேட்டர் வாயில் இருக்கும் தகட்டை மூடினால் காற்று குறைந்து, உள்ளே உறிஞ்சல் கூடி, மெயின் ஜெட்டில் (பெட்ரோல் வரும் முக்கியத் துளையில்) பெட்ரோல் அதிகமாக ஏறுகிறது. ஆகவே ‘காற்றடைப்பி’ என்பது என் பரிந்துரை.

-----

ஐயா, வணக்கம்.

காற்றடைப்பி தகடு வைத்த கார்புரேட்டருக்கு மட்டுமே பொருந்தும். ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் விஎம் வகைக் கார்புரேட்டரில் அந்தத் தகடே கிடையாது. சோக் லீவரைத் தூக்கினால் சிறு பிளஞ்சர் (உருளைத் தண்டு) ஒன்று மேலெழும். தனி வழியாகப் பெட்ரோலும் கொஞ்சம் காற்றும் கலந்து, ஸ்லைடுக்கு (ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலேறிக் காற்று வழியைத் திறக்கும் அடைப்புக்கு) அப்பால் எஞ்சின் பக்கம் போய்ச் சேரும். இங்கே எதுவும் அடைபடவில்லை, ஒரு வழி திறக்கிறது.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கையேட்டில் செய்முறையே தப்பாகிவிடும். பிளஞ்சர் வகையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது. முறுக்கினால் ஸ்லைடு திறந்து உறிஞ்சல் விழுந்துவிடும். அந்தத் தனி வழியில் பெட்ரோல் வராது, எத்தனை உதைத்தாலும் பற்றாது. தகடு வகையிலோ த்ராட்டில் (ஆக்சிலேட்டரால் திறக்கும் அடைப்பு) கொஞ்சம் திறந்திருந்தால்தான் உறிஞ்சல் மெயின் ஜெட் வரை எட்டும். அதற்காகவே பல கார்புரேட்டர்களில் சோக்கோடு த்ராட்டிலையும் இலேசாகத் திறக்கும் இணைப்புக் கம்பி இருக்கிறது.

கேபிள் சரிசெய்வதிலும் வித்தியாசம் உண்டு. பிளஞ்சர் வகையில் சோக்கை எடுத்த (வேலை செய்யாத) நிலையில் கேபிளில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு வேண்டும். இறுக்கமாக இருந்தால் பிளஞ்சர் முழுக்க உட்காராது. அதன் நுனி ரப்பர் தேய்ந்தாலும் இதே கதைதான். எஞ்சின் சூடான பிறகும் ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது ஓடும் மெதுவான ஓட்டம்) தடுமாறும், பிளக்கில் கரி ஏறும், ஏர் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் திருகாணியை) திருகினாலும் மாற்றம் தெரியாது. பலர் இதற்கு ஜெட்டை மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். தகடு வகையில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தே சரிசெய்யலாம்: எடுத்த நிலையில் தகடு காற்றோட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும், போட்ட நிலையில் வாயை முழுக்க மூட வேண்டும்.

கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது என்ற பொருளில் ‘செறிவி’ என்றால் இரண்டு வகைக்கும் பொதுவாக நிற்கும்.

-----

அன்பர்களே,

செறிவிக்கு என் ஆதரவு. இலங்கைப் பாடநூல்களில் செறிந்த, ஐதான என்ற இணை ஏற்கெனவே இருக்கிறது. மெக்கானிக் ரிச் (பெட்ரோல் மிகுந்தது), லீன் (பெட்ரோல் குறைந்தது) என்று சொல்வதற்குச் செறிந்த கலவை, ஐதான கலவை என்று எழுதலாம். செறிவியும் அந்த வரிசையிலேயே வந்துவிடும். தனியாகச் சொன்னால் எதன் செறிவு என்ற கேள்வி வரும் என்பதால் ‘தொடக்கச் செறிவி’ என்று வைப்போம். காற்றடைப்பியை விட வேண்டாம், தகட்டின் பெயராகக் ‘காற்றடைப்புத் தகடு’ இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் கையேடுகளில் சோக் என்றால் கார்புரேட்டருக்குள் காற்று வேகமெடுக்கும் வெஞ்சுரியின் குறுகிய குழாயையும் குறிக்கும். ட்வின் சோக் என்று வந்தால் அது இரண்டு குழாய் உள்ள கார்புரேட்டர், இரண்டு செறிவி அல்ல. அதற்குக் ‘குறுங்குழல்’ என்று தனிச்சொல் வேண்டும். டியூப் லைட் சோக் வெறும் கம்பிச் சுருள்; அது மின்னியல் பட்டியலுக்குப் போகட்டும்.

கையேட்டு நடையில் எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

“எஞ்சின் குளிர்ந்திருந்தால் தொடக்கச் செறிவியை முழுதாகப் போடவும். ஓடத் தொடங்கியதும் பாதிக்குக் குறைக்கவும். செறிவி இல்லாமலே ஐடிலிங் நின்றால் முழுதாக எடுத்துவிடவும். எடுக்காமல் ஓட்டினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். பெட்ரோல் மிகுந்து பற்றாமல் போனால் செறிவியை எடுத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து உதைக்கவும். அப்போதும் பற்றாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்தவும். சூடான பிறகும் செறிவி போட்டால்தான் ஓடுகிறது என்றால் கலவை ஐதாக இருக்கிறது: பைலட் ஜெட்டில் (ஐடிலிங்கிற்குப் பெட்ரோல் தரும் சிறு துளையில்) அடைப்பையும், மேனிஃபோல்டு ரப்பரில் வெடிப்பையும் பார்க்கவும்.”