பாட்டி எங்கே போனார் என்று கேட்கும் மகளுக்கு என்ன சொல்வது?

என் அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. என் ஏழு வயது மகள் அன்றிலிருந்து விளக்கை அணைத்தால் தூங்குவதில்லை. சாவு வீட்டில் யாரோ "பாட்டி தூங்குறாங்க" என்று அவளிடம் சொன்னதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பாட்டியின் மூக்குக்கண்ணாடியைத் தினமும் துடைத்து, மடித்து, தலையணைக்குப் பக்கத்தில் வைக்கிறாள். "இது இல்லாம பாட்டிக்கு அங்க எப்படிக் கண்ணு தெரியும்?" என்கிறாள்.

முதலில் நட்சத்திரமாகிவிட்டார் என்றேன். தப்பு. மேகம் மூடிய இரவில் ஜன்னலை விட்டு நகராமல் அழுதாள். அப்புறம் கீதை சொல்வதுபோல, பழைய உடையைக் களைவதுபோல ஆன்மா வேறு உடல் எடுக்கும் என்றேன். "அப்போ என்னை அடையாளம் தெரியாதா?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. கிறிஸ்தவத் தோழி உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னார். இஸ்லாமிய நண்பர், தீர்ப்பு நாள்வரை பர்ஸக் என்னும் இடைநிலை உண்டு என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது, அவளுக்குப் புரியவில்லை.

அறிவியலையும் தேடிப் படித்தேன். 2014இல் மருத்துவர் சாம் பார்னியாவின் குழு வெளியிட்ட ஆய்வு, இதயத்துடிப்பு நின்ற 2,060 நிகழ்வுகளைப் பற்றியது. பிழைத்தவர்களில் 140 பேரிடம் பேசியிருக்கிறார்கள். சிலருக்கு இதயம் நின்றிருந்த நேரத்தைப் பற்றிய நினைவுகள் இருந்தன. ஆனால் அவர்கள் திரும்பி வந்தவர்கள். என் அம்மா வரவில்லையே.

எனக்கே தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்ல மனம் வரவில்லை. "யாருக்கும் தெரியாதும்மா" என்றால் பயம் கூடுமோ என்றும் தயக்கம்.

இந்த வயதுக் குழந்தையிடம் இதைப் பேசியவர்கள், எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள்?